பத்து மணி ரவுண்டு

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் வந்ததும் வராததுமாக எம்.டி. சென்னியப்பன் சார் கூப்பிட்டனுப்பினார். நூற்பாலைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் நம் கம்பெனிக்கே இப்போது ஒரு சாஃப்ட்வேர் வாங்கவேண்டுமாம். எந்த மில்லிலிருந்து என்ன குறை வந்திருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது, எதுவரை முடிந்திருக்கிறது என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளுமாம். ராஜபாளையத்தில் ஒரு பெரிய மில் குழுமம் நம்மிடம் வரப் பார்க்கிறது. "உங்ககிட்ட இதுக்கெல்லாம் என்ன சிஸ்டம் இருக்கு?" என்று அவர்கள் கேட்டபோது, சார் கண்ணாடிக் கதவு வழியாக என்னைக் கைகாட்டினாராம். அவர்கள் சிரித்துவிட்டார்களாம்.

உண்மைதான். இதுநாள் வரை அந்த சிஸ்டம் நான்தான். பெண்டிங் ஷீட் என்று ஒரு எக்செல் வைத்திருக்கிறேன். தினமும் பத்து மணிக்கு பேடும் பேனாவுமாக ஒவ்வொரு மேசையாகப் போய் "முடிஞ்சுதா?" என்று கேட்பேன். அதற்குப் பெயர் ரவுண்டு. முதுகுக்குப் பின்னால் என்னை 'முடிஞ்சுதாக்கா' என்று சொல்வது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நீங்களே நாலு பாத்து ஒண்ண முடிவு பண்ணுங்க கோகிலவாணி. தீபாவளிக்குள்ள வேணும். உங்களவிட இது தெரிஞ்சவங்க இங்க ஆரு இருக்காங்க?" என்றார் சார். பெருமையாக இருந்தது. வரும் வழியில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தேன்.

இவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கணபதியில் மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவருக்கு சாஃப்ட்வேரைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார்.

"அது வந்துட்டா நீ என்ன பண்ணுவ?"

மோகனரங்கத்துக்குச் சாப்பிடும்போதுதான் மூளை வேலை செய்யும். இன்னொரு தோசை போட்டு வாயை அடைத்தேன்.

செப்டம்பர் 3, புதன்

முதல் சாஃப்ட்வேரைப் பார்த்தாயிற்று. உலகம் முழுக்க இதைத்தான் வைத்திருக்கிறார்களாம். பெங்களூரிலிருந்து ஒரு பையன் வீடியோவில் வந்து மத்தியானம் வரைக்கும் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினான். ஒரு குறையைப் பதிந்தால் அதற்கு டிக்கெட் என்று பெயர். ஒரு டிக்கெட் போடுவதற்குள் பாஸ்போர்ட்டே வாங்கிவிடலாம், அத்தனை பெட்டிகளை நிரப்பச் சொல்கிறது. எதைத் தொட்டாலும் அதற்குள் ஒரு செட்டிங், அதற்குள் இன்னொன்று. இதற்கு நான் 'மலை' என்று பெயர் வைத்துவிட்டேன்.

சர்வீஸ் டீமைப் பார்த்துக்கொள்ளும் அருள்பிரகாசம் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிட்டான். திருநெல்வேலிக்காரன், வாய்தான் பெரிசு. என் குறிப்பில் 'நமக்கு ஆகாது' என்று எழுதினேன். யாரும் மறுக்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

தலைவலி. மலை இன்னும் தலையைவிட்டு இறங்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று இரண்டாவது. ஒவ்வொரு வேலையும் ஒரு சின்ன அட்டை. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு அட்டையை இழுத்துப் போடலாம். மஞ்சள், ரோஸ், கிளிப்பச்சை என்று ஒரே வண்ணமயம். வேலை முடிந்தது என்று அழுத்தினால் கல்யாண வீட்டில் தூவுவதுபோல ஸ்கிரீன் முழுக்கக் கலர் காகிதம் பறக்கிறது. இதற்குப் 'பூக்கூடை' என்று பெயர்.

புரொடக்‌ஷன் டீமின் தலைவி ரிஸ்வானாவுக்குக் கண்டதும் பிடித்துப்போயிற்று. கெட்டிக்காரப் பெண், உக்கடத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள், ஒரு வேலையையும் நாளைக்கு என்று தள்ளமாட்டாள். அவள் டீம் மொத்தமும் அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். குறை சொன்ன மில்லுக்கு 'உங்கள் குறை தீர்ந்தது, திருப்தியா?' என்று இது தானாகவே மெயில் அனுப்புமாம், நட்சத்திரம் போடச் சொல்லுமாம். ஓட்டலில் பில்லோடு வைக்கிற அட்டை மாதிரி.

நான் விளையாட்டுத்தனமாக இருக்கிறது என்றேன். எழுத்து சின்னது என்றேன். ரோஸுக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்றும் கேட்டேன். நியாயமான கேள்வி.

செப்டம்பர் 12, வெள்ளி

மூன்றாவது, இலவசமாகக் கிடைப்பது. பார்க்க வெறிச்சென்று இருக்கிறது. 'கட்டாந்தரை'. டிக்கெட் போடு, ஆளைப் போடு, மூடு. அவ்வளவுதான். அருள்பிரகாசம் இதுவே போதும் என்றான். எனக்கும் குறை சொல்லப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. தேதியில் மாதத்தை முன்னால் போட்டு நாளைப் பின்னால் போடுகிறது, வயதானவர்கள் குழம்பிவிடுவார்கள் என்று எழுதினேன். எங்கள் ஆபீசில் வயதானவர்கள் என்றால் சாரும் நானும்தான்.

அருள்பிரகாசம் என் பேடை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏக்கா, ஒங்களுக்கு என்னதான் வேணும்? அதச் சொல்லுங்க, தேடிப் பாத்துருவோம்" என்றான்.

நல்லதாக ஒன்று வேண்டும் என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

துவைத்தது, காயப்போட்டது, இட்லிக்கு அரைத்தது போக மிச்ச நேரத்தில் மூன்றையும் ஒரு அட்டவணையாகப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் நேராகக் குறைகள். இவர் காப்பி டம்ளரோடு வந்து பின்னால் நின்று படித்தார்.

"உங்க சின்னம்மா அவங்க புள்ளைக்கு மாப்பிள்ளை பாத்த மாதிரியே இருக்குது" என்றார். "ஒருத்தன் குட்டை, ஒருத்தன் கருப்பு, ஒருத்தன் பேசவே மாட்டேங்கறான்."

"அதுக்கு?"

"கடைசில அந்தப் புள்ளைக்குக் கல்யாணத்துலயே இஷ்டமில்லைன்னு தெரிஞ்சுது இல்ல?"

அட்டவணையில் ஒரு வரி கோணலாக இருந்தது, அதைச் சரி செய்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

சாருக்குப் பொறுமை போய்விட்டது. நான் வைத்த பெயர்கள்தான் இப்போது ஆபீஸ் முழுக்க. மலையை விட்டுவிடுங்கள், மற்ற இரண்டில் பூக்கூடையை உண்மையான வேலையிலேயே கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள், சரிவராவிட்டால் கட்டாந்தரைக்குப் போகலாம் என்றார். திங்கள் முதல் ரவுண்டு வேண்டாமாம். ரவுண்டும் இருந்தால் யாரும் சாஃப்ட்வேரைத் தொடமாட்டார்கள் என்கிறார். அதுவும் சரிதான்.

பெண்டிங் ஷீட்டிலிருந்து எல்லாவற்றையும் பூக்கூடைக்கு ஏற்றினேன். ஒவ்வொரு மில்லின் பெயர், அங்கே யாரைக் கேட்கவேண்டும், அவர் போன் நம்பர், மெயில் என்று ஒன்று விடாமல் போட்டேன். ரிஸ்வானா பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, ட்ரையல்தானுங்க்கா, கஸ்டமர் மெயில் ஐடியெல்லாம் இப்பவே போட வேண்டாமே" என்றாள். அரைகுறையாக வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை என்றேன். அவள் சரி என்று போய்விட்டாள்.

செப்டம்பர் 22, திங்கள்

பத்து மணிக்கு வழக்கம்போல எழுந்து பேடை எடுத்துவிட்டேன். பாதி தூரம் போனபிறகுதான் நினைவு வந்தது. ரிஸ்வானா நிமிர்ந்து பார்த்து, "எல்லாரும் அப்டேட் போட்டுட்டோமுங்க்கா, நீங்க அலைய வேண்டாம்" என்று சிரித்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். தண்ணீர் பிடிக்க வந்ததுபோலக் கூலர் பக்கம் திரும்பிக்கொண்டேன். கையில் பாட்டில் இல்லை.

நல்ல ஓய்வு. மேசை டிராயரைச் சுத்தம் செய்தேன். ஸ்டேப்ளர்கள் மட்டும் ஒரு குடும்பமே இருந்தது. சாயங்காலம் வரைக்கும் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குச் சீக்கிரம் வந்து பருப்பு உசிலி செய்தேன். சாதாரண நாளில் யார் செய்வார்கள் அதை?

செப்டம்பர் 24, புதன்

நேற்றும் இன்றும் ஒன்றுமில்லை. முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

லோகசுந்தர் என்று ரிஸ்வானா டீமில் ஒருவன். புரோகிராம் நன்றாக எழுதுவான், ஆனால் வாயைத் திறக்கமாட்டான். அவன் அட்டை ஒன்று 'வேலை நடக்கிறது' கட்டத்தில் திங்களிலிருந்து அசையாமல் இருந்தது. ஸ்கிரீனில் பார்த்தால் எல்லாம் சரி. எனக்கென்னவோ உறுத்தியது. கேன்டீனுக்குப் போகிற சாக்கில் அவன் மேசைப் பக்கம் போனேன். மில்காரர்கள் எழுதியது அவனுக்குப் புரியவில்லை. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அங்கேயே நின்று நான் மில்லுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இரண்டே வார்த்தையில் தீர்ந்துவிட்டது.

இதற்குப் பூக்கூடையில் பெட்டி கிடையாது என்று சாரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். குறை சொல்வதாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. ஆபீஸில் வருடாவருடம் முந்தின நாள் சாயங்காலமே பூஜை போட்டுவிடுவோம். காலையிலிருந்து யாரும் உருப்படியாக வேலை செய்யவில்லை. கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினால் ஒரு வருட முறுக்கு கொட்டுகிறது. வாசலில் வாழைக்கன்று, மானிட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம், சர்வர் ரூமுக்கு மாவிலைத் தோரணம். சுண்டலும் பொரியும் அவலும் என் பொறுப்பு. ரிஸ்வானா எப்போதும்போலப் பூ கட்டுகிறவர்களுக்கு நூல் பிடித்துக் கொடுத்தாள், பொரியில் முதல் பங்கும் அவளுக்குத்தான்.

எங்கள் கம்பெனிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சாரின் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். ஆயுத பூஜையன்று மெஷினில் பாதி வேலை நிற்கக் கூடாது, முடித்துவிடு, இல்லை கழற்றி வைத்துவிடு என்பாராம். சார் அதை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். பூஜைக்கு முன்னால் பெண்டிங் ஷீட்டில் எல்லா வரிகளையும் 'முடிந்தது' என்று பச்சையாக்கி, அதை ஒரு பிரின்ட் எடுத்துச் சாமி முன்னால் வைப்போம். லீவு முடிந்து வந்ததும் பழைய காப்பியைத் திறந்து வேலையைத் தொடங்குவோம். பச்சையாக்குவது என் வேலை. முதல் வருடத்திலிருந்து என் கைதான்.

இந்த வருடம் ஷீட் இல்லை, பூக்கூடைதான். கற்பூரம் ஏற்றும் நேரத்தில் எல்லோரும் சுற்றி நிற்க, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து 'முடிந்தது' அழுத்தினேன். அப்பா, என்ன ஒரு காகித மழை! ஸ்கிரீனே தெரியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். சார்கூடச் சிரித்துவிட்டார். எனக்கே பூக்கூடையைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

அக்டோபர் 1, புதன்

காலையில் இவர் கடையில் பூஜை. தராசுக்கும் ஸ்பேனர்களுக்கும் பொட்டு வைத்தேன். கல்லாவுக்கு மேல் மாலை. பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் பொரிப் பொட்டலம் கொடுத்தோம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனது எவ்வளவு நிம்மதி.

மத்தியானம் வந்து பார்த்தால் தெரியாத நம்பர்களிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். ஏதோ லோன் கொடுக்கிறவர்கள் என்று விட்டுவிட்டேன். ஆறு மணிக்கு சார் கூப்பிட்டார்.

"கோகிலவாணி, பல்லடம் மில்லுல இருந்து கூப்ட்டு தேங்க்ஸ் சொல்றாங்க. நாம அவங்களுக்கு என்ன பண்ணோம்?"

தெரியவில்லையே சார் என்றேன். அப்போது எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. போனை வைத்தபிறகு அந்தக் காகித மழை நினைவுக்கு வந்தது. அது பறக்கும்போது கூடவே வேறென்ன போகும் என்பதும் நினைவுக்கு வந்தது.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

நம் கஸ்டமர் அத்தனை மில்லுக்கும் மெயில் போயிருக்கிறது. பதியப்பட்டிருந்த ஒவ்வொரு குறைக்கும் ஒன்று. 'உங்கள் குறை தீர்ந்தது, திருப்தியா?' சாமி முன்னால் நாங்கள் பச்சையாக்கியது ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

விடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து பதில்களைப் படித்தேன். திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் எங்கள் பரம்பரையையே விசாரித்திருந்தார். பொங்கலிலிருந்து கையே வைக்காத ஒரு குறைக்கு ஐந்து நட்சத்திரம் வந்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது.

அதைவிட மோசமானது உடுமலை மில். அங்கே நூல் அனுப்பும்போது பெட்டிக்கு ஒட்டுகிற லேபிளில் எங்கள் சாஃப்ட்வேர் இரண்டு லாட்டை, அதாவது வேறுவேறு பஞ்சில் நூற்ற நூலை, கலந்து காட்டுகிறது. லாட் மாறிய நூலை நெய்து சாயம் போட்டால் துணியில் பட்டை பட்டையாக விழும், மொத்தமும் வீண். அதைச் சரிசெய்யும்வரை லேபிளைக் கையால் எழுதுங்கள் என்று சொல்லி வைத்திருந்தோம். இப்போது சரியாகிவிட்டது என்று மெயில் போயிருக்கிறது. விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து முதல் லோடு அனுப்புகிற வழக்கம் அவர்களுக்கு.

ஷீட்டிலிருந்து நான் ஏற்றிய நம்பர்தான் உதவியது. டெஸ்பேட்ச் பார்க்கும் கிட்டுசாமி எடுத்தார். பின்னால் நாதஸ்வரம் கேசட் ஓடிக்கொண்டிருந்தது.

"லேபிள் சரியாயிருச்சுன்னு மெயில் வந்துதுங்களே அம்மிணி. காலைல எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே அடிச்சு ஒட்டிட்டமுங்க. லாரிக்குத் தேங்காய் உடைக்கப் போறமுங்க."

"உடைங்க. ஆனா வண்டிய மட்டும் எடுக்காதீங்க. லேபிள் சரியாகலைங்க. தப்பு என்னுதுங்க."

உடனே யாரையோ சத்தம் போட்டு நிறுத்தச் சொன்னார். நான் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் ஒன்றும் கேட்காமல் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார்.

அக்டோபர் 3, வெள்ளி

எல்லோரையும் சார் கான்பரன்ஸ் ரூமில் கூட்டினார். அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "இந்தப் பூக்கூடைய ஆரு நல்லா இருக்குன்னு சொன்னது?" என்றார். எல்லோரும் ரிஸ்வானாவைப் பார்த்தார்கள். மெயில் போகும் என்று தெரிந்திருக்க வேண்டாமா, ட்ரையலில் கஸ்டமர் மெயிலை ஏன் போட்டீர்கள் என்று அவளைத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, "கவனிச்சிருக்கணும் சார்" என்றாள்.

பிறகு சார் என் பக்கம் திரும்பினார். "சாஃப்ட்வேரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ராஜபாளையத்துக்காரன் போனாப் போறான். நீங்க பழையபடி ஷீட்டுலயே பாத்துக்குங்க. நாளைல இருந்து ரவுண்டு போங்க."

சரிங்க சார் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வீட்டில் சொன்னதும் இவர், "அப்ப உனக்கு சந்தோசந்தான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரசத்தில் உப்புப் போட்டேனா இல்லையா என்பது மறந்துபோய் இரண்டாம் தடவை போட்டுவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

ரவுண்டு போனேன். எல்லோரும் பதில் சொன்னார்கள். ரிஸ்வானாவும் சொன்னாள். "முடிஞ்சுதுங்க்கா, முடிஞ்சுதுங்க்கா, இது முடியலைங்க்கா." வழக்கமாக என் பேடை இழுத்துத் தானே டிக் போடுகிறவள், இன்று கையை நீட்டவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

மூன்று நாளாக எல்லா மில்லுக்கும் நானே போன் செய்து மன்னிப்புக் கேட்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். தவறாகப் போன மெயிலைப் பற்றிச் சொல்லி, உங்கள் குறை இன்னும் இருக்கிறதா என்று கேட்கவேண்டும். திட்டு வாங்கத் தயாராகத்தான் உட்கார்ந்தேன்.

திட்டினார்கள்தான். ஆனால் திட்டி முடித்ததும் பேசினார்கள். சோமனூரில் ஒருவர் தான் குறை சொன்ன மெஷினையே போன வருடம் விற்றுவிட்டாராம். ரிஸ்வானா டீம் அதற்காக ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. அவினாசியில் ஒருவர் கேட்டது ஒன்று, நாங்கள் ஷீட்டில் எழுதி வைத்திருந்தது வேறொன்று. அப்புறம் அந்த ஐந்து நட்சத்திரம். தாராபுரம் மில்லின் அக்கவுன்டன்ட் அவர். கையே வைக்காத வேலைக்கு எதற்குங்க அத்தனை நட்சத்திரம் என்று கேட்டேன்.

"பொங்கல்ல இருந்து ஒரு பதிலும் இல்லைங்க. திருப்தியான்னு கேட்டு ஒரு மெயில் வந்துது பாருங்க, அந்த சந்தோசத்துல போட்டுட்டனுங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

போனை வைத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. முடிந்ததா முடிந்ததா என்று இத்தனை வருடமும் வேலை செய்கிறவர்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். யாருக்காக அந்த வேலையோ அவர்களை ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த அசட்டு மெயில் முதல் நாளே அவர்களைத்தான் கேட்டிருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

தூக்கம் சரியில்லை. இவரிடம் சொன்னேன். பயமாக இருந்தது என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அந்த சாஃப்ட்வேர் வந்துவிட்டால் எனக்கு அங்கே நாற்காலி எதற்கு என்ற பயம். முதல் நாள் தோசை சாப்பிடும்போது இவர் கேட்டதிலிருந்தே அதுதான். அதனால்தான் ஒன்று மலையாகவும் ஒன்று கட்டாந்தரையாகவும் தெரிந்தது. அந்தக் குறைகளில் பாதி குறையே இல்லை.

"தெரியும்" என்றார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். இன்னொரு தோசை போட்டு வாயை அடைத்தது யார் என்றார்.

அக்டோபர் 10, வெள்ளி

நேராக சாரின் ரூமுக்குப் போனேன். ரிஸ்வானாவையும் கூப்பிடச் சொன்னேன், அவள் முன்னால்தான் சொல்லவேண்டும் என்று. மெயில் ஐடிகளைப் போட்டது நான், போட வேண்டாம் என்று இவள் சொன்னாள், நான் கேட்கவில்லை, பூஜையன்று அழுத்தியதும் நான்தான் என்றேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொன்னால் ரவுண்டு போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன் என்பதையும் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

பிறகு வந்த வேலையைச் சொன்னேன். பூக்கூடையையே வாங்கலாம். ஒரு மாற்றம் மட்டும். முடிந்தது என்று நாம் அழுத்தக் கூடாது. மில்லிலிருந்து சரி என்று வந்தபிறகுதான் டிக்கெட்டை மூடவேண்டும். ரிஸ்வானா உடனே, "அது செட்டிங்லயே இருக்குதுங்க சார், ஒரு நாள் வேலை" என்றாள். ஆயுத பூஜைக்கு என்ன செய்வது என்று சார் கேட்டார். அவருக்கு அதுதான் கவலை. அப்பா பட்டறையில் முடியாத வேலையைக் கழற்றி ஓரமாக வைத்தார்களே தவிர முடிந்தது என்று யாரும் பொய் சொல்லவில்லையே சார் என்றேன். 'ஓரமாக வைத்தது' என்று ஒரு கட்டம் போட்டுவிடலாம், அதிலிருந்து யாருக்கும் மெயில் போகாது. அவர் அதைக் கொஞ்ச நேரம் மென்று பார்த்தார்.

"அப்ப ரவுண்டு?"

"வேண்டாங்க சார். எல்லாம் ஸ்கிரீன்லயே தெரியும்."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

இதே கேள்வி. மில்களுக்குப் போன் பண்ணுகிறேன் என்றேன். மெயிலுக்குப் பதில் போடாதவர்கள் பாதிப்பேர் இருக்கிறார்கள், அவர்களை யாராவது கூப்பிட்டுக் கேட்கவேண்டும். என்ன குறை என்று சரியாகக் கேட்டு எழுதவும் ஓர் ஆள் வேண்டும். தேவையென்றால் வைத்துக்கொள்ளுங்கள், தேவையில்லையென்றால் சொல்லிவிடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார் சார்.

வெளியே வந்ததும் ரிஸ்வானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களே சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்" என்றாள். ஒரு வாரம் காத்திருந்திருக்கிறாள் பாவம். கேன்டீனில் அவளுக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

சார் ஒன்றும் சொல்லவில்லை. பூக்கூடைக்கு ஆர்டர் போட்டாயிற்று. எனக்கு இன்னும் ஆர்டர் வரவில்லை.

அக்டோபர் 15, புதன்

தீபாவளிக்கு அதிரச மாவு இடித்து வைத்தேன். சுக்கு கொஞ்சம் தூக்கல். ஆபீஸில் எல்லா டிக்கெட்டுகளையும் ரிஸ்வானாவும் நானும் மறுபடி திறந்தோம். மில்காரர்கள் சொன்னதை வைத்துத் திருத்தியதில் பெண்டிங் பாதியாகக் குறைந்துவிட்டது. அருள்பிரகாசம் இந்தக் கலர் காகிதத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறது என்று கேட்டான். நிறுத்தினோம். சாயங்காலம் திரும்ப வந்து, "ஏக்கா, அது இருந்தாத்தான் நல்லாருக்கு" என்றான்.

அக்டோபர் 17, வெள்ளி

திங்கள் தீபாவளி. இன்று பூக்கூடை அதிகாரபூர்வமாகத் தொடங்கியது.

காலையில் சார் என் மேசைக்கே வந்தார். அவர் யார் மேசைக்கும் வருகிறவர் அல்ல. "ரெண்டு மில்லுல இருந்து எனக்கே கூப்ட்டுக் கேக்கறாங்க, அந்தம்மா மறுபடி எப்பக் கூப்புடுவாங்கன்னு" என்றார். "ராஜபாளையத்துக்காரங்களும் விசாரிச்சிருக்காங்க. உடுமலைல லாரிய நிறுத்துனது அவங்க காது வரைக்கும் போயிருச்சு. அடுத்த மாசம் கையெழுத்துப் போடறாங்களாம். அந்தப் போன் வேலைய நீங்களே பாத்துக்குங்க." சொல்லிவிட்டு, தேவையில்லாமல் என் ஸ்டேப்ளரை எடுத்துப் பார்த்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு உடனே இவருக்குப் போன் பண்ணவேண்டும்போல இருந்தது. பண்ணினேன். கடையில் கூட்டம், அப்புறம் பேசு என்று வைத்துவிட்டார்.

பத்து மணிக்குப் பூக்கூடையைத் திறந்தேன். என் பெயரில் ஒரு டிக்கெட் வந்திருந்தது. இன்று புதிதாகப் போட்ட முதல் டிக்கெட்டே அதுதான். போட்டவர், அருள்பிரகாசம். அவசரம் என்று சிவப்பு.

குறை: அக்கா பத்து மணிக்கு வருவதில்லை.

அதற்குக் கீழே எல்லோரும் எழுதியிருந்தார்கள். 'எனக்கும் இதே பிரச்சினை' என்று ரிஸ்வானா. 'வேலை முடிஞ்சாலும் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க' என்று ஒருவன். வாயே திறக்காத லோகசுந்தர், 'நீங்க வந்து நின்னா நான் கேக்க நினைச்சதக் கேட்டுருவேன்' என்று எழுதியிருந்தான். இரண்டு டீமிலும் ஒருவர் பாக்கி இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் மும்முரமாக வேலை செய்வதுபோல ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விரலும் கீபோர்டில் இல்லை.

டிக்கெட்டை 'வேலை நடக்கிறது' கட்டத்துக்கு இழுத்துப் போட்டேன். எப்போது முடியும் என்று ஒரு பெட்டி தேதி கேட்டது. அதைக் காலியாக விட்டுவிட்டு, பேடை மேசையிலேயே வைத்துவிட்டு, எழுந்து ரவுண்டு போனேன்.